வயது ஒன்று

கடலைமிட்டாய் வியாபாரத்தில் ஒரு கிராம்கூட ஏமாறாத சாஜிதா, கணவன் அபுதாஹிரின் சட்டைப் பையில் குழந்தைத் தடுப்பூசி அட்டையைக் கண்டாள். 'பெயர்: அபுதாஹிர். வயது: ஒன்று.'

பிள்ளையில்லாத வீட்டில் இது எந்தப் பிள்ளை? பெயர்கூட அவன் பெயரே! கடையை அவள் தலையில் கட்டிவிட்டு அவன் வைத்தியத்துக்கென்று எட்டு மாதம் சென்னையில் இருந்தது போன வருடம்தான்.

மறுநாள் அவன் கோவில்பட்டி குழந்தை டாக்டரிடம் போக, பின்னாலேயே போனாள்.

"பிள்ள எங்க மச்சான்? பெத்தவ எங்க?"

அவன் சட்டைக்கையைச் சுருட்டினான். "ஊசி எனக்குத்தான்ட்டி. சொன்னா சிரிப்பேன்னு சொல்லல."

"ரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாத்தினாங்கல்லம்மா?" என்றார் டாக்டர். "சின்ன வயசுல போட்ட ஊசியையெல்லாம் ஞாபகம் வச்சிருந்த அணுக்களும் அதோட போயிட்டு. புது ரத்தத்துக்கு இப்ப ஒரு வயசு. முதல்லருந்து போடணும்."

நர்ஸ் பழக்கதோஷத்தில், "அழாமப் பிடிச்சுக்கிடுங்கம்மா" என்றாள்.

சாஜிதா அவனை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழாமல் இருக்கத்தான் அவளால் முடியவில்லை.