கீறாத மடிப்பு

புத்தகத்தை வாங்கியதும் முத்துநாயகம் முதலில் அதை மோந்து பார்த்தார்.

தேங்காயெண்ணெய் வாசம் இல்லை. மீன்குழம்பு வாசமும் இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

வடசேரி வாசகசாலைக்குப் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் செயலாளர். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரையும் அவர் நம்பியதில்லை.

மேசைக்கு எதிரே நின்றவள் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் தங்கபாய். க்ஷயரோகம் பற்றி ஒரு டாக்டர் எழுதிய புதுப் புத்தகத்தைப் புதன்கிழமை எடுத்துப் போனாள். சனிக்கிழமை காலையிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். இருநூற்று நாற்பது பக்கம், மூன்றே நாள்.

அவளுடைய தங்கை ராஜபாய் அந்த நோயில்தான் படுத்திருக்கிறாள். ஏழு மாதக் கைக்குழந்தையை அக்காள்தான் பார்த்துக்கொள்கிறாள். தெருவுக்கே தெரிந்த விஷயம். பள்ளிக்கூடம், நோயாளி, குழந்தை எல்லாவற்றுக்கும் நடுவில் இவள் எப்போது படித்தாள் என்று முத்துநாயகம் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக வரவில்லை.

நல்லவேளையாக, கண்டுபிடிக்க மடிப்பு இருந்தது.

அப்போதெல்லாம் மதராஸிலிருந்து வரும் பல புத்தகங்களில் தாள்களின் மேல் மடிப்பை வெட்டாமலே தைத்து அனுப்புவார்கள். படிக்கிறவர் பிளேடால் கீறிக்கொள்ள வேண்டும். எவன் படித்தான், எவன் படித்ததாகப் பீற்றிக்கொள்கிறான் என்பது மடிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். படிக்காமல் திருப்பிக் கொடுப்பவருக்கு மூன்று மாதம் புத்தகம் கிடையாது. முத்துநாயகமே போட்ட சட்டம் அது. தையல்காரர் நேசையன் தேனீ வளர்ப்புப் புத்தகத்தைப் பாதி கீறாமல் கொடுத்து மாட்டிக்கொண்டார். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தாநாள் பேப்பரைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

முத்துநாயகத்தின் முதுகுக்குப் பின்னால் கரும்பலகை. சனிக்கிழமைதோறும் அதில் 'படிக்க வேண்டிய புதிய நூல்கள்' என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு மூன்று வரி எழுதுவார். அதைப் பார்ப்பதற்கென்றே கோட்டாறிலிருந்து ஆட்கள் வருவார்கள். புத்தகம் புதன்கிழமைதான் வெளியே போகும். அதுவரை எல்லாருக்கும் பலகைதான்.

போன சனிக்கிழமை எழுதியது இன்னும் அழியாமல் இருந்தது. நட்சத்திரங்களைப் பற்றி ஒன்று, பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர் எழுதியது ஒன்று, உயில் எழுதும் முறை பற்றி ஒன்று, கடைசியாக இந்த க்ஷயரோகம்.

முத்துநாயகம் ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். எல்லாம் சுத்தமாகக் கீறப்பட்டிருந்தன. பிசிறுகூட இல்லை. அவருக்கு முகம் வாடிப்போயிற்று.

தொண்ணூறாம் பக்கத்தில் விரல் நின்றது. மடிப்பு அப்படியே இருந்தது.

"டீச்சரே, நீங்க இதைப் படிக்கவே இல்லியே!" என்றார். நேசையன் காதிலும் விழட்டும் என்றுதான் அத்தனை சத்தம்.

நேசையன் பேப்பரைத் தாழ்த்தினார்.

முத்துநாயகம் தடைப் பதிவேட்டைத் திறந்து பேனாவை மையில் தொட்டார். மாட்டிக்கொண்டவர்கள் இந்த இடத்தில்தான் கெஞ்சத் தொடங்குவார்கள். தங்கபாய் கெஞ்சவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பாதி பிளேடை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க முத்துநாயகத்துக்கு என்னவோ போலிருந்தது.

"பக்கவாட்டுல எட்டிப் பாத்து அதையும் படிச்சாச்சு அண்ணாச்சி. வேணும்னுதான் கீறாம வச்சிருக்கேன். நீங்க கீறிப் படியுங்க."

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கீறினார். கோர்ட்டில் வாசிப்பதுபோல் உரக்கத் தொடங்கினார்.

"நோயாளியான தாயின் அருகில் குழந்தையை ஒருபோதும் படுக்க வைக்கலாகாது. மூச்சுக்காற்றே..."

பாதியில் அவர் குரல் இறங்கிவிட்டது.

நேசையன் எழுந்து வந்தார். அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. பலகையின் கடைசி வரிகளை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"க்ஷயரோகம். இரண்டு முறை படித்தேன். நோயைவிட வீண் பயமே கொடியது என்று டாக்டர் நிறுவுகிறார். தாயையும் சேயையும் பிரித்து வைக்கும் கொடுமை இனி வேண்டாம்."

முத்துநாயகம் பேனாவை மறுபடி எடுத்து மையில் தொட்டார். வீண் பயத்தைப் பற்றி டாக்டர் எழுதியது உண்மைதான். அது முன்னுரையில் இருந்தது. முன்னுரைத் தாளில் மடிப்பு கிடையாது; கீறாமலே படித்துவிடலாம்.

பேனா முனையிலிருந்து ஒரு சொட்டு மை, யார் பெயரும் எழுதாத வரியில் விழுந்தது.

"நீங்க இதை எழுதுற வரைக்கும் பிள்ளை எங்கூடத்தான் கிடந்துச்சு," என்றாள் தங்கபாய். "போன சனியாழ்ச்ச இந்தப் பலகையைப் பாத்துட்டு நான்தான் கொண்டுபோய் அவ பக்கத்துல கிடத்தினேன். புதன்கிழமை ராத்திரி இதைப் படிச்சதும் ஓடிப்போய்த் தூக்கினேன். அதுக்குள்ள நாலு ராத்திரி ஆயிட்டு."

குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க முத்துநாயகம் வாயெடுத்தார். தங்கபாய் அவரைக் கடந்து போய், பலகையின் கடைசி வரிகளைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.