கடையில லீவு இல்ல

"அண்ணே, அண்ணி ஆடியிலிருந்து ஒருநாள்கூட சாமி விளக்கேத்தாம இருந்ததில்ல. தனியா கொட்டகலை டவுனுக்குப் போய்ட்டு வர்றாங்க. என்னான்னு கேட்டா அழுறாங்க."

தங்கச்சி போனில் இழுத்து இழுத்துச் சொன்னதும், தங்கராசு வேலை பார்க்கும் கொழும்புக் கடையிலிருந்து பஸ் ஏறிவிட்டான். வீட்டுக்குத் தூரமான நாட்களில் விளக்கைத் தொடவே மாட்டாள் அவன் மனைவி புஷ்பராணி. அவன் கடைசியாகத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்ததோ தைப்பொங்கலுக்கு. இப்போது ஐப்பசி. கணக்கு உதைத்தது.

கதவைத் திறந்தவளின் வயிற்றைத்தான் முதலில் பார்த்தான்.

"கொட்டகலையில யாரைப் பாக்கப் போற?"

"வாங்க, காட்டுறேன்."

அவள் கூட்டிப்போனது ஒரு டாக்டரம்மாவிடம்.

"வயசு நாப்பத்தெட்டு. மாதவிடாய் நிக்கிற நேரம். ஹோர்மோன் குறையிறப்ப சில பேருக்கு மனசும் இப்படி ஒடிஞ்சுபோகும். புருஷனைக் கூட்டிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்!"

தங்கராசுக்கு முகம் சுண்டிப்போனது. வெளியே வந்ததும் முணுமுணுத்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மனசு சரியில்ல, வாங்கன்னு கூப்பிட்டப்பல்லாம் கடையில லீவு இல்லன்னீங்க. அதான் உங்க தங்கச்சிய அப்படிப் பேசச் சொன்னேன். ஒடனே லீவு கெடைச்சிருச்சு பாத்தீங்களா?"