அஞ்சும் சரி

"இன்னைக்கு என்ன கெழமைப்பா?"

"புதன்."

"கூட வந்திருக்கிறது யாரு?"

"என் மக பிரேமினி."

பொகவந்தலாவையில் பஸ் ஏறியதிலிருந்து பிரேமினி அப்பாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மறதி நோய்க்கு இலவசமாகப் பார்க்கும் டாக்டர் மாதம் ஒருமுறைதான் டவுனுக்கு வருவார். ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த நாள் இது. கண்டிக்குப் போய்த் தனியாகக் காட்ட வசதி இல்லை.

தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுப் பெரியம்மாவிடம் அந்த டாக்டர் ஐந்து கேள்வி கேட்டாராம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. "ரொம்ப முத்திருச்சு, இனி மருந்து வேலை செய்யாது" என்று அனுப்பிவிட்டார். அந்த ஐந்தையும்தான் பிரேமினி பத்து நாளாகச் சொல்லிக்கொடுத்து வந்தாள்.

டாக்டர் அதே ஐந்தைக் கேட்டார். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுப்பவர்போல அப்பா அழகுமுத்து நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்.

"அஞ்சும் சரி. இது நோயில்ல, வயசு. மருந்து தேவையில்ல, இனி வரவும் வேணாம். வெளிய எத்தனை பேர் காத்திருக்காங்க, பாருங்க."

"ஐயா, அதெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுங்க."

"சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்குதே. பிறகென்ன?"

திரும்பும் பஸ்ஸில் அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, பிரேமினி இறங்கிப்போய்த் தண்ணீர் போத்தல் வாங்கி வந்தாள். பக்கத்தில் உட்காரப் போனவளைக் கை நீட்டித் தடுத்தார்.

"வேற எடம் பாருங்க தங்கச்சி. இது என் மக பிரேமினிக்குப் புடிச்சு வச்சது."