வாளித் தண்ணீர்

தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமை, ஒளிரக் கூடாத சோதனைக்குழாய் ஒளிர்ந்தது.

கள்ளக்குறிச்சியில் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் ஆய்வாளன் டென்னிஸ், ஈஸ்ட் நுண்ணுயிரின் மரபணுவை மாற்றியிருந்தான். பெண்களின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் தண்ணீரில் கலந்திருந்தால் அது பச்சையாக ஒளிரும். வெள்ளிமலை ஓடை, நைனார்பாளையம் ஏரி என்று பல ஊர்த் தண்ணீரைச் சோதித்தான். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும். அதற்குத் தன் வீட்டுக் குளியலறை வாளியிலிருந்து போர்வெல் தண்ணீரைக் கொண்டுவருவான். அந்த வீட்டில் அவன் மட்டும்தான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த சுபஸ்ரீ, 'வீட்டுத் தண்ணீர்' என்று ஒட்டியிருந்த குழாயைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா சார், வூட்ல மேடம் முழுகாம இருக்காங்களா? சொல்லவே இல்ல?"

அவன் ஒளியை அளந்து குறித்துக்கொண்டான். அவன் மனைவி ஏஞ்சலின் நான்கு மாத வயிற்றோடு போன வருஷம் இறந்துபோயிருந்தாள்.

மோட்டார் போட்டு நேராகப் பிடித்த தண்ணீர் ஒளிரவில்லை. அதையே வாளியில் நிரப்பி, வீட்டைப் பூட்டிவிட்டுப் போய், மாலையில் எடுத்தால் ஒளிர்ந்தது. வாரத்துக்கு வாரம் ஒளி கூடியது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் அப்படித்தான் கூடும். ஆய்வுக்கு வேறு தண்ணீர் வாங்கிக்கொண்டான். காலையில் வாளியை நிரப்பி வைப்பதை மட்டும் விடவில்லை.

ஒளி ஏழாம் மாதத்து அளவைத் தொட்ட அன்று மலைப்பக்கம் மழை. சீக்கிரமே வீடு திரும்பினான். காலையில் திறந்துவிட்டுப் போன குளியலறைக் கதவு உள்ளிருந்து சாத்தியிருந்தது. அதைத் தொடாமல் வெளியே நின்றான்.

"ஏஞ்சலின், தண்ணி ஜில்லுனு இருக்குமே. சுடுதண்ணி வெச்சித் தரட்டா?"