மூன்றாவது வால்வு

கிஃபாயத்துல்லா ப்ரீஆம்ப் பெட்டியில் மூன்றாவது வால்வையும் மாற்றிவிட்டான். திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேருக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது.

"இப்ப வாசி மச்சான்."

சௌகத் அலி பேஸ் கிதாரின் தடித்த கம்பியைச் சுண்டினான். சுண்டியவுடனே முகம் சுளித்தான்.

"போவலடா. கர்ர்ர்னுதான் வந்துகினு கீது."

அந்த ப்ரீஆம்ப் பெட்டியை எழுபத்தைந்தாம் வருஷம் அவனுக்குச் செய்து கொடுத்ததே கிஃபாயத்துல்லாதான். கிதார் ஒயர் முதலில் பெட்டிக்குள் போகும், அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு. குமிழைத் திருகினால் பேஸ் உறுமும். கோவளம் பக்கத்துக் கல்யாணங்களில் இரண்டு வருஷமாக அந்த உறுமலுக்குத்தான் கைதட்டல். சௌகத் அலிக்கும் அதில் அப்படியொரு மயக்கம். ஸ்பீக்கரை ஒட்டி நின்றேதான் வாசிப்பான்.

ஆனால் இன்று உறுமக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு மாமல்லபுரம் கடற்கரை ஓட்டலில் கச்சேரி. குழுவின் பாடகி ஜெசிந்தா பாடப்போகும் தாலாட்டை அவனுடைய பேஸ்தான் தனியாகத் தொடங்கிவைக்க வேண்டும். ஓட்டல்காரருக்குப் பிடித்துவிட்டால் ஞாயிறுதோறும் மேடை அவர்களுக்கே.

"குமிழ முழுசா கொறச்சி வெச்சாலும் உறுமுது. ஒரு வாரமா இதே பேஜாரு" என்றான் சௌகத் அலி.

"எனக்கு நல்லாத்தாண்ணே கேக்குது" என்றாள் கடை வாசலில் காத்து நின்ற ஜெசிந்தா.

பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று சொல்கிறாள் என நினைத்தான் அவன்.

"நீ சும்மா இரும்மா. டேய், மொதல்ல அந்த ரேடியோவ நிறுத்து. அது வேற கரகரன்னு உயிர வாங்குது."

கிஃபாயத்துல்லா ரேடியோவைத் திரும்பிப் பார்த்தான். காலையில்தான் சரிசெய்து வைத்திருந்தான். அதை அணைத்தான். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து ஒயர்களைப் பிடுங்குவதும் சொருகுவதுமாக இருந்தான்.

"இன்னாடா பண்ற?"

"கடசியா ஒரு டெஸ்ட்டு. தாலாட்ட முழுசா வாசி."

சௌகத் அலி கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். விரல்கள் ஓரிடத்திலும் பிசகவில்லை. ஆனால் ஒவ்வொரு சுரமும் கிழிந்து கிழிந்துதான் காதில் விழுந்தது. பாதியில் நிறுத்தி, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"அதேதான். கொஞ்சங்கூடக் கொறயல." அவன் குரல் உடைந்தது. "வால்வ மாத்தியாச்சு, ஒயர மாத்தியாச்சு, ஸ்பீக்கரையும் மாத்தியாச்சு. இன்னும் இன்னாத்தடா மாத்தறது? அஞ்சு மணிக்கு அத்தினி பேர் முன்னால நா இன்னா பண்ணுவேன்?"

ஜெசிந்தா கிஃபாயத்துல்லாவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுடைய கண்கள் நிறைந்துவிட்டன.

"இன்னாடா, இவ ஏன் அழுவுறா?"

கிஃபாயத்துல்லா மேஜைக்கு அடியிலிருந்து ப்ரீஆம்ப் பெட்டியை வெளியே எடுத்தான். அதில் ஓர் ஒயரும் இல்லை.

"இந்தத் தபா நீ பொட்டியே இல்லாமத்தான் வாசிச்சே, மச்சான். ஒயரு நேரா ஆம்ப்ளிஃபயருக்குத்தான் போச்சு, எங்க காதுக்குச் சுத்தமாத்தான் வந்துச்சு."