ஏழு சென்டிமீட்டர்

கிளினிக் வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தார் கணவர்.

“எடை பார்க்க இவ்வளவு பயமா?” என்று இழுத்துவந்தாள் மனைவி.

ஆனால் எடை மெஷினில் அவர் ஜம்மென்று ஏறி நின்றார். எழுபத்தைந்து கிலோ.

“உயரம்?” என்றாள் நர்ஸ்.

“நூத்தி எழுபத்தஞ்சு. அளக்கவே வேணாம் சிஸ்டர்.”

“ஷூவைக் கழட்டிட்டு சுவரோரம் நில்லுங்க சார்.”

அவருக்கு வியர்த்தது. மனைவி சட்டென்று ஃபோனைக் காதில் வைத்தபடி வெளியே போய்விட்டாள்.

நூற்று அறுபத்தெட்டு.

“உயரம் குறைஞ்சா பி.எம்.ஐ. ஏறும் சார். இருபத்தாறரை வருது. எடையைக் குறைச்சே ஆகணும்.”

“குறைக்கிறேன். ஆனா உயரத்தை மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. கல்யாணம் பேசுறப்போ ஏழு சென்டிமீட்டர் கூட்டிச் சொல்லிட்டேன்!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு நர்ஸ் வெளியே வந்தாள். மனைவி ஃபோனைக் கைப்பையில் போட்டாள்.

“நூத்தி அறுபத்தெட்டுன்னுதானே கணக்குப் போட்டீங்க, சிஸ்டர்?”

“உங்களுக்கு எப்படி...”

“இருபது வருஷமா அவர் பேண்ட்டையெல்லாம் மடிச்சுத் தைக்கிறது நான்தானே! அதான் ஃபோன் வந்த மாதிரி நழுவிட்டேன். எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”