மீனுக்குரிய இடம்

விமலேஸ்வரி ரீச்சர் தூக்கிப் பிடித்திருக்கும், ஆய்வுகூடத்துச் சோதனை பதிந்த எக்ஸ்ரே பிலிமை முல்லைத்தீவுக் கரையின் காலை வெயில் ஊடுருவுகிறது. அதில் எலி, மாடு, கோழி என்று மூன்று கறுப்புக் கோடுகள். மூன்று மூளைகளிலும் கைனேசு என்னும் புரதத்தின் ஒரே துணையலகை, அதை மட்டுமே பற்றும் மொனோக்ளோனல் பிறபொருளெதிரி தேடிப் பிடித்த அடையாளம். மீனுக்குரிய நான்காவது இடம் வெறுமையாக இருக்கிறது. மீனில் அது இல்லையென்று ஆய்வறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வந்தவர், போரில் பாதை பூட்டியதால் நான்கு வருடமாக ஆய்வுகூடம் திரும்பவில்லை; ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். அங்கிருந்த குளிர்பெட்டிகளின் இரைச்சல் இன்னும் காதில் இருக்கிறது. "மூளை இருந்தா மீன் எங்கட வலையில விழுமே, ரீச்சர்?" ரீச்சர் சொன்னதைக் கேட்டு, பாரை மீன் வெட்டிக்கொண்டிருக்கும் கொன்ஸ்ரன்ரைன் சிரிக்கிறார். பிறகு பிலிமின் வெறுமையான இடத்தைக் கத்தியால் காட்டிக் கேட்கிறார். "அந்த மீன் எப்ப பட்டது?" "சந்தையில வாங்கினனான், அண்ணை. முந்தினநாள் பட்ட மீன்." "மாடு?" "வெட்டின கையோட எடுத்தது." கத்தி நிற்கிறது. "மீன்ர மூளைதானே முதல்ல பழுதாகும். அதுக்குள்ள எதைத் தேடினனீங்கள்?" பிலிம் மெல்ல இறங்குகிறது. கொன்ஸ்ரன்ரைன் பாரைத் தலையைப் பூவரசம் இலையில் வைத்து நீட்டுகிறார். "இது இப்ப செத்தது. திரும்பப் பாருங்கோ." "பாதை திறக்குமட்டும் பழுதாகாம வைக்க ஐஸுக்கு எங்க போறது, அண்ணை?" "அப்ப புளி விட்டுக் காய்ச்சுங்கோ." "ஓம்," என்கிறார் ரீச்சர். வாங்கிய தலையை வெயில் படாமல் சேலைத் தலைப்பால் மூடுகிறார்.